ஈடு எங்கே காத்திருக்கும்? செவெசோவும் பேட்ச் ஆலைகளின் வரலாறும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

சென்ற பகுதியில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைப் பற்றிப் பேசினோம். முடிக்கும்போது, அடுத்த முறை அதற்கு நேர்மாறான ஓர் ஆலைக்குள் போவோம் என்று சொல்லியிருந்தேன். இன்றைக்கு அதுதான்.

எங்கள் வீட்டில் இட்லி ஊற்றும் நாட்களில் அம்மா மாவுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு ஈடு வரும்" என்பார். ஒரு தடவை ஊற்றி, வேகவைத்து, எடுத்தால் அது ஓர் ஈடு. முறுக்கு சுட்டாலும் அதே கணக்கு. வேதித் தொழிலில் பேட்ச் என்று சொல்கிறார்களே, அதற்கு இவ்வளவு கச்சிதமான சொல் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. இன்று நான் அதையே பயன்படுத்தப் போகிறேன்.

சுத்திகரிப்பு ஆலை ஓடுகிற ஆறு மாதிரி. ஒரு பக்கம் எண்ணெய் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் பெட்ரோலும் டீசலும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தாலும் நள்ளிரவில் பார்த்தாலும் ஒரே காட்சி. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, வாசனைப் பொருள் செய்கிற ஆலைகள் பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே ஒரு பெரிய பாத்திரம், அதாவது ரியாக்டர். அதில் சரக்கைப் போடுவார்கள், சூடேற்றுவார்கள், சில மணி நேரம் வைத்திருப்பார்கள், குளிரவைப்பார்கள், வடிப்பார்கள், கழுவுவார்கள். பிறகு அடுத்த ஈடு. அடுத்த வாரம் அதே பாத்திரத்தில் வேறொரு மருந்து.

நான் வேதிப்பொறியியல் படித்தபோது மரியாதையெல்லாம் முதல் வகைக்குத்தான். ஈட்டு முறை ஏதோ பழைய காலத்துச் சமையல் வேலை மாதிரி, புத்தகத்தின் கடைசியில் ஒரு அத்தியாயம். வாத்தியார் அதைப் பரீட்சைக்கு வராது என்று சொல்லித் தாண்டிவிட்டார். உண்மையில் அதுதான் கடினமானது. தொடர்ந்து ஓடும் ஆலையின் வரைபடத்தைக் கடிகாரம் இல்லாமல் வரைந்துவிடலாம். ஈட்டு ஆலையின் வரைபடத்தில் மணி எத்தனை என்பதும் இருந்தாக வேண்டும். எது எப்போது முடியும், முடிந்தது எங்கே போகும், போக வேண்டிய இடம் காலியாக இல்லாவிட்டால் எங்கே காத்திருக்கும்?

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் இன்று பின்தொடரப் போகிறேன். அதற்கு 1976க்குப் போக வேண்டும்.

இத்தாலியில் மிலான் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மேடா என்றொரு ஊர். அங்கே இக்மேசா என்ற ஆலை இருந்தது. அது சுவிட்சர்லாந்தின் ஜிவோதான் நிறுவனத்துக்குச் சொந்தம். ஜிவோதான், பாசல் நகரத்து ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆலையில் செய்துவந்த பொருட்களில் ஒன்று 2,4,5-ட்ரைகுளோரோஃபீனால். சோப்பில் சேர்த்துவந்த ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினிக்கு அது மூலப்பொருள்.

செய்முறையைக் கேளுங்கள், பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. டெட்ராகுளோரோபென்ஸீனையும் காஸ்டிக் சோடாவையும் எதிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் போட்டுச் சூடாக்குவது. வினை முடிந்ததும் கிளைக்காலில் பாதியைக் காய்ச்சி வடித்து வெளியே எடுப்பது. பிறகு தண்ணீரை ஊற்றிக் குளிரவைப்பது. கூடவே ஒரு வில்லங்கம் உண்டு. சூடு மிஞ்சினால் இந்தச் சரக்கில் டையாக்சின் வகைகளிலேயே மிகக் கொடியது உருவாகும். சாதாரணமாக அதன் அளவு மிகச் சொற்பம். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கதை வேறு.

இதை ஆலைக்காரர்கள் அறியாதவர்கள் இல்லை. ஏறத்தாழ 230 டிகிரியில் இந்தக் கலவை கைமீறிப் போகும் என்பது தெரியும். இதே பொருளைச் செய்த மற்ற ஆலைகளில் விபத்துகள் நடந்திருந்தன: 1949இல் அமெரிக்காவின் நைட்ரோ நகரத்தில், 1953இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபெனில், 1963இல் ஆம்ஸ்டர்டாமில், 1968இல் இங்கிலாந்தின் போல்சோவரில். ஆகவே ரியாக்டரைச் சூடாக்க நல்ல யோசனை ஒன்றைக் கையாண்டார்கள். டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைத்தான் ரியாக்டருக்குக் கொடுத்தார்கள். அதன் சூடு ஏறத்தாழ 190 டிகிரி. சூடேற்றும் நீராவியே 190 என்றால், உள்ளே இருக்கும் சரக்கு 230க்கு எப்படிப் போகும்? யாராவது வால்வை மறந்து திறந்து வைத்தாலும் போகாது. காகிதத்தில் பார்த்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஜூலை 9, வெள்ளிக்கிழமை மாலை ஓர் ஈட்டைத் தொடங்கினார்கள். சனிக்கிழமை அதிகாலை வினை முடிந்து கிளைக்காலை வடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வெளியேற வேண்டிய இடத்தில் 15 சதவீதம்தான் வந்திருந்தது. அதற்குள் வார இறுதி. ஆலையை நிறுத்தியாக வேண்டும். தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதிய ட்ரெவர் கிளெட்ஸ், வார இறுதியில் ஆலையை நிறுத்த வேண்டும் என்ற சட்டத்தால்தான் அந்த ஈடு பாதியில் நின்றது என்று விளக்குகிறார். நீராவியை அடைத்தார்கள். சற்று நேரத்தில் கலக்கியையும் நிறுத்தினார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. சரக்கின் சூடு அப்போது 158 டிகிரி. கைமீறும் 230க்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி! திங்கட்கிழமை வந்து தொடரலாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்த நீராவியைக் கொஞ்சம் கவனிக்கணும். டர்பைன் நீராவியின் வெப்பத்தைத்தான் சுழற்சியாக மாற்றுகிறது. அதற்கு வேலை அதிகம் என்றால் நீராவி நன்றாகக் குளிர்ந்து வெளியே வரும். வேலை குறைந்தால் சூடாகவே வெளியே வரும். வார இறுதிக்காக ஆலையின் மற்ற பகுதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியபோது டர்பைனின் சுமை குறைந்தது. வெளிவந்த நீராவி ஏறத்தாழ 300 டிகிரிக்குப் போனது. ரியாக்டரின் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டது. திரவத்தில் முழுகியிருந்த சுவர்ப்பகுதி திரவத்தின் சூட்டுக்கே இறங்கிவிட்டது. திரவ மட்டத்துக்கு மேலே இருந்த சுவரைத் தணிக்க ஒன்றும் இல்லை. அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடுமே, அதுபோல. அந்தச் சூடு மேலிருந்து திரவத்தின் மேற்பரப்பில் இறங்கியது. கலக்கி ஓடியிருந்தால் அது முழுச் சரக்கிலும் பரவி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். கலக்கி நின்றிருந்ததால் மேலாக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் தனியாகச் சூடேறியது.

230க்கு வெகு முன்பே, ஏறத்தாழ 180 டிகிரியிலேயே, மெதுவாக வெப்பம் உமிழும் ஒரு சிறு வினை தொடங்கிவிடுகிறது. இது விபத்துக்குப் பிறகு நடந்த ஆய்வுகளில்தான் தெரியவந்தது. 1981இல் நேச்சர் இதழில் தியோஃபனஸ் எழுதிய கட்டுரை இந்தச் சங்கிலியை எடுத்துக்காட்டியது: சூடான சுவர், மேலடுக்கு, சிறு வினை, அது ஊட்டிவிட்ட பெருவினை. எல்லாம் சேர ஏழு மணி நேரம் ஆனது. பகல் 12.37க்கு ரியாக்டரின் உச்சியில் இருந்த ரப்சர் டிஸ்க், அதாவது அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் தகடு, கிழிந்தது. கூரையிலிருந்து சீழ்க்கை போன்ற சத்தத்தோடு ஒரு மேகம் கிளம்பி ஏறத்தாழ இருபது நிமிடம் வெளியேறியது. காற்று அதைத் தெற்குப் பக்கம் கொண்டுபோனது. செவெசோ, செசானோ மதெர்னோ, தேசியோ ஆகிய ஊர்களின் வீடுகள்மீதும் காய்கறித் தோட்டங்கள்மீதும் அது படிந்தது. ஆலை இருந்தது மேடாவில்; பெயர் கெட்டது செவெசோவுக்கு.

அந்தத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 3.5 பார் அழுத்தத்தில் கிழியும்படி வைக்கப்பட்டிருந்தது. எதற்காக? சரக்கை ரியாக்டருக்குள் தள்ள அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காற்று மிஞ்சிவிடக் கூடாதே என்பதற்காக. வினை கைமீறுவதை மனத்தில் வைத்து அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் குறைந்த அழுத்தத்தில் கிழியும் தகடாக இருந்திருந்தால், சூடு இவ்வளவு ஏறும் முன்பே, டையாக்சின் இவ்வளவு சேரும் முன்பே சரக்கு வெளியே வந்திருக்கும்.

அடுத்த சில நாட்களில் முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளங்கள் வந்தன. குளோராக்னே என்ற அந்தத் தோல்நோய் 193 பேருக்கு உறுதிசெய்யப்பட்டது, பெரும்பாலானவர்கள் குழந்தைகள். வெளிவந்தது டையாக்சின் என்று நிறுவனம் அதிகாரிகளிடம் உறுதிசெய்யப் பத்து நாள் ஆனது. மிக மோசமாகப் பாதித்த பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத் தொடங்கியது விபத்து நடந்து இரண்டு வாரம் கழித்து. 700க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். உணவு வழியாக நஞ்சு பரவாமல் இருக்க, பல்லாயிரக்கணக்கான கால்நடைகளையும் கோழிகளையும் முயல்களையும் கொன்றார்கள். கருக்கலைப்பு குற்றமாக இருந்த அந்நாட்டில், அந்தப் பகுதியின் கர்ப்பிணிகளுக்கு மட்டும் விதிவிலக்கு தரப்பட்டது. அந்த முடிவை எடுக்க நேர்ந்த பெண்களைப் பற்றித் தனியாக ஒரு நிகழ்ச்சியே செய்ய வேண்டும்.

1980 பிப்ரவரியில் ஆலையின் உற்பத்தி இயக்குநராக இருந்த பாவோலோ பாவொலெத்தியை ப்ரீமா லினேயா என்ற ஆயுதக் குழு சுட்டுக் கொன்றது. குற்றவாளி ஒருவர் வேண்டும் என்ற கோபம் புரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரே ஒரு கை அகப்படுவதில்லை. செய்முறை எழுதிய வேதியியலாளர் ஓர் ஈடு தொடங்கினால் முடியும் என்று எண்ணி எழுதினார். நீராவி ஏற்பாட்டைச் செய்தவர் ஆலை முழுச்சுமையில் ஓடும் என்று எண்ணினார். தகட்டைத் தேர்ந்தெடுத்தவர் அழுத்தக் காற்றை எண்ணினார். வார ஓய்வு தொழிலாளிக்கு வேண்டியதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 158 டிகிரியில், கலக்காமல், தண்ணீர் ஊற்றாமல், ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்தச் சரக்கு அங்கே காத்திருக்கலாமா என்ற கேள்வி மட்டும் யாருடைய மேசையிலும் இல்லை.

இதே காலத்தில், இந்தக் கேள்வியின் இன்னொரு பாதியை வேறு சிலர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விபத்துக்கு முந்தைய ஆண்டு, 1975இல், ஸ்பாரோ, ஃபார்டர், ரிப்பின் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பொருட்களைச் செய்யும் ஈட்டு ஆலைக்குப் பாத்திரங்களின் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பொருள். இவர்களில் டேவிட் ரிப்பின் சூரிக்கில் ஈ.டி.எச். என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர். சாயமும் மருந்தும் ஈடு ஈடாகச் செய்கிற நாட்டில் இருந்ததால், மற்ற இடங்களில் கடைசி அத்தியாயமாக இருந்த விஷயம் அங்கே முதல் அத்தியாயம் ஆனது.

அந்தக் கணக்கின் ருசியைக் காட்ட நானே ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். பேனா இருந்தா எடுத்துக்கோங்க. ரியாக்டரில் 12 மணி நேரம், வடிகட்டியில் 4 மணி, உலர்த்தியில் 8 மணி. ஓர் ஈடு முழுசாக முடிய 24 மணி நேரம். ஆனால் முதல் ஈடு வடிகட்டிக்குப் போனதுமே அடுத்த ஈட்டை ரியாக்டரில் போடலாம். அதனால் 12 மணிக்கு ஓர் ஈடு வரும். தடையாக நிற்பது ரியாக்டர். சரி, இன்னொரு ரியாக்டர் வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினால்? 6 மணிக்கு ஒன்று வர வேண்டும். வராது. இப்போது உலர்த்தி தடையாக நிற்கும். 8 மணிக்கு ஓர் ஈடுதான் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை 120 மணி நேரம் என்றால், தொடக்க முடிவு நேரங்களை விட்டுவிட்டு, 10 ஈட்டுக்குப் பதில் 15 ஈடு.

விற்க வேண்டிய அளவு அதேதான் என்றால் ஒவ்வோர் ஈடும் சிறிதாகலாம். முன்பு 6,300 லிட்டர் பாத்திரம் வேண்டியிருந்தது. இப்போது 4,200 போதும். கடையில் கேட்டால் 4,200 கிடையாது. கண்ணாடிப் பூச்சு ரியாக்டர்கள் 4,000, 6,300 என்று வரையறுத்த அளவுகளில்தான் வரும். 4,000 வாங்கினால் வாரத்துக்கு 16 ஈடு ஓட்ட வேண்டும். 16 பெருக்கல் 8, 128 மணி. எட்டு மணி நேரம் சனிக்கிழமைக்குள் வழிகிறது.

பார்த்தீங்களா? ஒரு பாத்திரத்தின் கொள்ளளவு எப்படி ஒரு சனிக்கிழமைக் காலையாக மாறுகிறது என்று. இக்மேசாவில் இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை, இது என் உதாரணம். ஆனால் பாத்திரத்தின் அளவு, எண்ணிக்கை, செய்முறை, கால அட்டவணை, ஆட்களின் பணிநேரம் எல்லாம் ஒரே கணக்கின் உறுப்புகள் என்பது இந்தச் சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ரிப்பின் போன்றவர்கள் ஒருங்கிணைந்த வடிவமைப்பு என்று வாதாடியதன் சாரம் இதுதான். முதலில் ஆலையைக் கட்டிவிட்டுப் பிறகு அட்டவணை போடுவது, கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்பது மாதிரி.

இந்தத் துறையில் காத்திருப்புக்கு என்றே தனி வகைப்பாடு உண்டு. ஒரு கட்டம் முடிந்த சரக்கை எவ்வளவு வேண்டுமானாலும் தொட்டியில் சேர்த்து வைக்கலாம் என்பது ஒன்று. தொட்டி உண்டு, ஆனால் இடம் அளவானது என்பது இன்னொன்று. தொட்டியே இல்லை, முடிந்த பாத்திரத்திலேயே கிடக்கட்டும் என்பது மூன்றாவது. நான்காவது, ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது, முடிந்த கையோடு அடுத்த கட்டத்துக்குப் போயாக வேண்டும் என்பது. இட்லி மாவுக்கும் இந்த வகைப்பாடு பொருந்தும்: அரைத்த மாவு இரவு முழுக்கக் காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும், மறுநாள் மாலை வரை வெளியே வைத்தால் புளித்துவிடும். 1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கொண்டிலி, பாண்டலீதெஸ், சார்ஜென்ட் மூவரும் எந்த ஈட்டு ஆலையையும் இரண்டே வகைப் புள்ளிகளால் வரையலாம் என்று காட்டினார்கள்: ஒரு வகை, சரக்கின் நிலை, மற்றது, அதன்மீது செய்யும் வேலை. ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு சேமிக்கலாம் என்று ஓர் எண். வரைந்துவிட்டால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். இன்றைய அட்டவணை மென்பொருள்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்த எண்ணை, இந்தச் சரக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை, கணக்குக்காரர்கள் யாரோ தருவார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். தருகிறவர் வேறொரு கட்டடத்தில் இருந்தார்.

அந்தக் கட்டடத்தில் நடந்ததும் நல்ல கதை. விபத்து நடந்த அதே 1976இல் அமெரிக்க வேதிப்பொறியாளர் சங்கம், கைமீறும் வினைகளின்போது பாத்திரத்திலிருந்து பாதுகாப்பாக வழிவிடுவது எப்படி என்று ஆராய ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. டவ் நிறுவனத்தில் டவுன்சென்ட், டோ இருவரும் ஒரு கருவியை உருவாக்கி 1980இல் அதைப் பற்றி எழுதினார்கள். சில கிராம் சரக்கை ஒரு சிறு உருண்டைக்குள் அடைத்து, உள்ளே எழும் வெப்பம் வெளியே தப்பாதபடி சுற்றுப்புறத்தையும் அதே சூட்டில் வைத்துக்கொண்டே போவார்கள். சரக்கு தானாக எப்போது சூடேறத் தொடங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து ஒரு கேள்விக்கு விடை வந்தது: குளிர்விப்பு நின்றுபோனால், இந்தச் சூட்டிலிருந்து உச்சம் தொட எத்தனை மணி நேரம்? 24 மணி நேரத்துக்கு மேல் என்றால் ஆளுக்குச் சுதாரிக்க நேரம் உண்டு. 8 மணிக்குக் கீழே என்றால் ஒரு ஷிஃப்டுக்குள் முடிந்துவிடும். சுவிஸ் வேதித் தொழிலின் பாதுகாப்பு ஆய்வகங்கள் இதை அன்றாட நடைமுறையாக்கின. இந்தக் கேள்வியின் அலகைப் பாருங்கள்: மணி. அட்டவணை போடுகிறவர் கேட்ட அதே அலகு. இரண்டு கட்டடத்துக்காரர்களும் ஒரே எண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியென்றால் இடையில் ஒரு தொட்டி வைத்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். கணக்குப்படி தொட்டி நல்லது. முன்னால் ஒரு பாத்திரம் நின்றாலும் பின்னால் உள்ளது ஓடும். நானும் பல வரைபடங்களில் யோசிக்காமல் தொட்டி வரைந்திருக்கிறேன். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்தது அப்படிப்பட்ட ஒரு தொட்டிதான். மீதைல் ஐசோசயனேட் விற்பனைப் பொருள் அல்ல. பூச்சிக்கொல்லி செய்யும் வழியில் வருகிற இடைப்பொருள். 610ஆம் எண் தொட்டியில் அது ஏறத்தாழ 40 டன் இருந்தது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய ஏற்பாட்டை மாதக்கணக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்ணீர் உள்ளே புகுந்தது. மற்றதை நான் சொல்லத் தேவையில்லை. கிளெட்ஸ் போபாலுக்கு முன்பிருந்தே, 1970களிலிருந்து, ஒன்றைத்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தார்: உங்களிடம் இல்லாத பொருள் கசிய முடியாது, ஆகவே தொட்டியைப் பாதுகாப்பது எப்படி என்று கேட்கும் முன் தொட்டி எதற்கு என்று கேளுங்கள். போபாலுக்குப் பிறகு பல நிறுவனங்கள் இடைப்பொருள் இருப்பைக் குறைத்தன. இருப்பைக் குறைத்தால் அட்டவணை இறுகும். இறுகினால் ஓர் ஈடு தாமதமானதும் அதன் பின்னால் எல்லாம் வரிசை கட்டும். அதாவது ரியாக்டருக்குள்ளேயே காத்திருக்கும். சுற்றி வந்து அதே இடம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாம், ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் இரவு ஷிஃப்ட். வடிகட்டியில் துணி கிழிந்துவிட்டது. ரியாக்டரில் அடுத்த ஈடு முடிந்து நிற்கிறது. மூத்த ஆப்பரேட்டரிடம், "அண்ணே, இத என்ன பண்றது?" என்றேன். "ஹோல்டுல வைங்க சார்" என்றார். பதிவேட்டில் 'ஹோல்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தச் சூட்டில், கலக்கியோடா இல்லாமலா, எத்தனை மணி நேரம்? செய்முறைத் தாளைப் புரட்டினேன். 22 கட்டங்கள் இருந்தன, ஹோல்டுக்கு ஒரு வரி இல்லை. அவர் அனுபவத்தில் கலக்கியை ஓடவிட்டுக் குளிர்நீரையும் திறந்து வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் துணி மாற்றி ஓட்டினார்கள். செவெசோவைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பதிவேட்டுச் சொல்தான்.

அந்த ஒற்றைச் சொல்லை ஒழுங்காக வரையறுத்தது 1995இல் வந்த ஒரு தரநிலை. அமெரிக்காவின் கருவியியல் சங்கம் வெளியிட்டது. தொழிலில் எஸ்-88 என்பார்கள். கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கான வறண்ட ஆவணம்தான், தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்யலாம். ஆனால் அதில் இரண்டு நல்ல காரியங்கள் உண்டு. ஒன்று, செய்முறையையும் சாமானையும் பிரித்தது. சமையல் குறிப்பில் "ஐந்து லிட்டர் குக்கரை இரண்டாவது அடுப்பில் வை" என்று எழுதாமல் "வேகவை" என்று எழுதுவதுபோல. எந்தப் பாத்திரம் என்பதைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஆகவே ஆலை கட்டும் முன்பே வேதியியலாளரும் பொறியாளரும் ஒரே மொழியில் பேச முடிந்தது. இரண்டாவது, ஓடுகிறது, நின்றது என்ற இரண்டு நிலையோடு விடாமல், நிறுத்திவைக்கப்படுகிறது, நிறுத்திவைக்கப்பட்டது, மீண்டும் தொடங்குகிறது என்பவற்றையும் தனித்தனி நிலைகளாக எழுதிவைத்தது. நிலை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் போகும் வழியை யாராவது எழுதியாக வேண்டும். கலக்கி ஓடணுமா, நீராவியை மூடினால் மட்டும் போதுமா, தண்ணீர் எப்போது? இதே காலத்தில் ஆலையின் ஆபத்துகளை உட்கார்ந்து அலசும் கூட்டங்களிலும், ஈட்டு ஆலை என்றால், 'அதிகம்', 'குறைவு' என்ற வழக்கமான கேள்விச் சொற்களோடு 'சீக்கிரம்', 'தாமதம்', 'முன்', 'பின்' என்பவையும் சேர்ந்துகொண்டன.

சட்டம் இதற்கெல்லாம் முந்திக்கொண்டது. 1982இல் ஐரோப்பியச் சமூகம் பெருவிபத்து ஆபத்துள்ள ஆலைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குச் செவெசோ ஆணை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது அதன் மூன்றாம் வடிவம்.

மேடாவில் அந்த ரியாக்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பாதித்த பகுதியின் மேல்மண்ணையும், இடித்த வீடுகளையும், கொன்ற கால்நடைகளையும் இரண்டு பெரிய குழிகளில் மூடிப் புதைத்தார்கள். இன்று அதன்மேல் ஒரு பூங்கா இருக்கிறது, ஓக் மரக்காடு என்று பெயர். ரியாக்டருக்குள் மிஞ்சியிருந்த சரக்கை அங்கே புதைக்க முடியவில்லை. அதை 41 பீப்பாய்களில் அடைத்து 1982 செப்டம்பரில் லாரியில் ஏற்றினார்கள். எல்லையைத் தாண்டியதும் பீப்பாய்கள் காணாமல் போயின. எட்டு மாதம் ஐரோப்பா முழுக்கத் தேடி, 1983 மே மாதம் வடக்கு பிரான்ஸில் ஒரு கிராமத்தின் கைவிடப்பட்ட இறைச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். கடைசியில் பாசல் நகரத்துக்குக் கொண்டுபோய் 1985இல் எரித்தார்கள். 1976 ஜூலை 9, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிய ஈடு அன்றுதான் முடிந்தது.

அடுத்த பகுதியில் சாய ஆலைகளின் கழிவுநீரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.